மாத்திரையும் பயிற்சியும் கைகோக்கும்போது: ஆண்களின் பாலியல் குறைபாட்டுக்குக் கூட்டுச் சிகிச்சை – முழுமையான வழிகாட்டி

மருத்துவரிடம் மாத்திரை எழுதி வாங்கி, ஒன்றிரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கு இது கேட்கவில்லை" என்று ஓரமாக வைத்துவிட்டவர்கள் நிறையப் பேர். "எல்லாம் மனசுதான் காரணம், டென்ஷன் இல்லாமல் இருங்கள்" என்ற ஒற்றை அறிவுரையோடு திருப்பி அனுப்பப்பட்டவர்களும் நிறையப் பேர். இந்த இரு சாராருக்கும் கிடைத்தது பாதிச் சிகிச்சைதான். மருந்தையும் நடத்தைப் பயிற்சியையும் எந்த வரிசையில், எப்படிச் சேர்த்துச் செய்வது என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம். மருந்தின் அளவை முடிவு செய்வது உங்கள் மருத்துவர். இந்த வழிகாட்டி அவரிடம் என்ன கேட்பது, வீட்டில் என்ன செய்வது என்பதற்கானது.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: மாத்திரை எங்கே வேலை செய்கிறது?

பாலுணர்வு தூண்டப்பட்டதும் ஆணுறுப்பின் நரம்பு முனைகளிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வெளிப்படுகிறது. அது சிஜிஎம்பி என்ற வேதிப்பொருளை உருவாக்குகிறது. அந்தப் பொருள் உறுப்புக்குள் இருக்கும் மென்தசைகளைத் தளர்த்த, ரத்தம் உள்ளே பாய்ந்து தேங்குகிறது. இதுதான் விறைப்பு. பிடிஇ5 என்ற நொதி சிஜிஎம்பியைச் சிதைத்து உறுப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. சில்டெனாபில், டாடலாபில், வார்டெனாபில், அவனாபில் ஆகிய மருந்துகள் இந்த நொதியைத் தடுக்கின்றன. அவ்வளவுதான் அவற்றின் வேலை.

சங்கிலியின் முதல் கண்ணியான தூண்டுதலை மாத்திரை உண்டாக்குவதில்லை என்பதைக் கவனியுங்கள். "இன்றைக்கும் சொதப்பிவிடுமோ" என்ற பயம் வந்தால் உடலில் நார்அட்ரினலின் என்ற பதற்ற ஹார்மோன் சுரக்கிறது. மாத்திரை தளர்த்தப் பார்க்கும் அதே தசைகளை அது இறுக்கிவிடுகிறது. மாத்திரை போட்டும் பலன் இல்லாமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். பயத்தைக் குறைக்கும் பயிற்சியை மருந்துக்குத் துணையாக ஒட்டவைத்த உபரி என்று நினைக்கக் கூடாது. மருந்து இயங்குவதற்கே அது தேவைப்படுகிறது.

எதிர்த்திசையிலும் இது உண்மை. சர்க்கரை நோயால் ரத்தக் குழாய் பாதிக்கப்பட்டு விறைப்பு குறைந்த ஒருவருக்கு, நான்கைந்து தோல்விகளுக்குப் பிறகு பயமும் சேர்ந்துகொள்கிறது. அவருடைய பிரச்சினை உடலா, மனமா என்று கேட்டால் இரண்டும்தான். 2007இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து அலசும் அறிக்கை), சில்டெனாபிலோடு குழு உளவியல் சிகிச்சையும் பெற்றவர்கள் மாத்திரை மட்டும் எடுத்தவர்களைவிட அதிகம் முன்னேறினார்கள் என்றும், அவர்களில் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் குறைவு என்றும் சொன்னது.

படி 1: உங்களுக்கு இருப்பது எந்தப் பிரச்சினை?

விறைப்பு கிடைப்பதில்லை அல்லது பாதியில் போய்விடுகிறது, விந்து முந்திவிடுகிறது, விந்து வெளியேற மிகவும் தாமதமாகிறது அல்லது வெளியேறுவதே இல்லை, ஆசையே இல்லை. இந்த நான்கும் வேறு வேறு பிரச்சினைகள். மருந்தும் வேறு, பயிற்சியும் வேறு.

விந்து முந்துதல் என்று வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் அந்தப் பிரச்சினை இருப்பதில்லை. 2005இல் ஐந்து நாடுகளைச் சேர்ந்த சுமார் 500 தம்பதிகள் நிறுத்துக் கடிகாரம் வைத்து அளந்த ஆய்வில், உறவு தொடங்கி விந்து வெளியேறும்வரை ஆன இடைநிலை நேரம் (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்) 5.4 நிமிடம்தான். வாழ்நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுவது, அல்லது நன்றாக இருந்தது குறைந்து மூன்று நிமிடத்துக்குள் வந்துவிடுவது, அதோடு கட்டுப்பாடு இல்லாமை, அதனால் மனவேதனை, இவை சேர்ந்தால்தான் மருத்துவம் அதை விந்து முந்துதல் என்கிறது. ஆபாசப் படங்களில் பார்க்கும் அரை மணி நேரத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டவருக்கு மருந்து தேவையில்லை. இந்தத் தகவலே போதும்.

சில கேள்விகளை உங்களிடமே கேட்டுப் பதிலை எழுதி வையுங்கள். காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா? சுய இன்பத்தின்போது இருக்கிறதா? திடீரென்று வந்ததா, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்ததா? தனியாக இருக்கும்போதும் காலையிலும் நன்றாக இருந்து, துணையோடு இருக்கும்போது மட்டும் போய்விடுகிறது என்றால் மனப்பங்கு அதிகம். எல்லா நேரத்திலும் மெல்லக் குறைந்துகொண்டே வருகிறது என்றால் ரத்தக் குழாய், நரம்பு, ஹார்மோன் பக்கம் பார்க்க வேண்டும்.

ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்திருப்பதும் உண்டு. விறைப்பு போய்விடுமோ என்று பயந்து அவசரப்படுபவருக்கு விந்தும் முந்துகிறது. இப்படிப்பட்டவருக்கு முதலில் விறைப்பைச் சரிசெய்ய வேண்டும். வரிசை மாறினால் இரண்டும் சரியாவதில்லை.

படி 2: உடல் பரிசோதனை – இதைத் தாண்டிப் போகாதீர்கள்

ஆணுறுப்பின் ரத்தக் குழாய்கள் 1 முதல் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ளவை. இதயத்துக்கு ரத்தம் கொடுப்பவை 3 முதல் 4 மில்லிமீட்டர். கொழுப்பு படிவது உடல் முழுவதும் நடந்தாலும் சிறிய குழாயில்தான் முதலில் தெரியும். அதனால் விறைப்புக் குறைவு மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே வரும் எச்சரிக்கையாக இருக்கலாம். அமெரிக்காவில் 1987-89இல் நடந்த மாசசூசெட்ஸ் ஆண் முதுமை ஆய்வில், 40 முதல் 70 வயதுக்குட்பட்ட ஆண்களில் 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் விறைப்புக் குறைவு இருந்தது. உங்களுக்கு மட்டும் வந்த விசித்திர நோய் அல்ல இது. ஆனால் அலட்சியப்படுத்தக் கூடியதும் அல்ல.

ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்லது ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை), கொழுப்பு அளவு, காலை நேரத்தில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் ஆகியவை அடிப்படைப் பரிசோதனைகள். டெஸ்டோஸ்டிரோன் குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையில் மீண்டும் எடுத்து உறுதி செய்ய வேண்டும். ஒரே முடிவை வைத்து ஹார்மோன் ஊசி போட ஆரம்பிப்பது தவறு. அந்த ஊசி விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடக் கூடியது என்பதைக் குழந்தைக்கு முயல்பவர்களிடம் யாராவது முதலிலேயே சொல்லியாக வேண்டும்.

நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகளின் முழுப் பட்டியலையும் கொண்டுபோங்கள். மனச்சோர்வுக்கான எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகள், சில ரத்த அழுத்த மாத்திரைகள், முடி உதிர்வுக்கான பினாஸ்டிரைடு போன்றவை பாலியல் செயல்பாட்டைப் பாதிக்கலாம். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் மாற்று மருந்து யோசிப்பார்.

நடக்கும்போது நெஞ்சுவலி வருகிறதா, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்பதையும் சொல்லுங்கள். உடலுறவின் உழைப்பு ஏறக்குறைய அந்த அளவுதான். அதுவே முடியவில்லை என்றால் இதயத்தை முதலில் பார்க்க வேண்டும்.

படி 3: மருந்தை முறையாகத் தொடங்குவது

சில்டெனாபில் பெரும்பாலும் 50 மில்லிகிராமில் தொடங்கப்படும். தேவையைப் பொறுத்து 25க்கு இறக்கவோ 100க்கு ஏற்றவோ செய்வார்கள். உறவுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு எடுப்பது. கொழுப்பு நிறைந்த சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் தாமதமாகத்தான் வேலை செய்யும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போட்டு, படுக்கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே "இன்னும் வரவில்லையே" என்று காத்திருப்பவர் அந்த மருந்துக்கு ஒரு நியாயமான வாய்ப்பே கொடுக்கவில்லை.

டாடலாபிலின் செயல்பாடு 36 மணி நேரம்வரை நீடிக்கும், சாப்பாட்டால் அது பாதிக்கப்படுவதில்லை. தினமும் 2.5 அல்லது 5 மில்லிகிராம் எடுக்கும் முறையும் உண்டு. பயிற்சியோடு சேர்க்கும்போது, பொருத்தமானவர்களுக்கு இந்தத் தினசரி முறைதான் சிறந்தது என்பது என் கருத்து. மாத்திரை போட்டாயிற்று, எனவே இன்றைக்கு நடந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. அந்தக் கட்டாயம்தான் பலரைக் கவிழ்க்கிறது.

மருந்தின் முதல் சோதனையைத் துணையோடு செய்ய வேண்டாம். ஒரு நாள் தனியாக, அவசரமில்லாத நேரத்தில், வயிறு லேசாக இருக்கும்போது எடுத்து, சுய தூண்டலில் உடல் எப்படிப் பதில் தருகிறது என்று பாருங்கள். தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு, செரிமானக் கோளாறு ஆகியவை வரலாம். டாடலாபிலில் முதுகுவலியும் உண்டு. இவற்றை முன்பே அறிந்திருந்தால் துணையோடு இருக்கும்போது பதறமாட்டீர்கள். ஏற்ற அளவில், சரியான முறையில், குறைந்தது ஆறு முறையாவது முயன்ற பிறகே பலன் இல்லை என்ற முடிவுக்கு வரலாம்.

இனி வரும் எச்சரிக்கைகளை இரண்டு முறை படியுங்கள். நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மருந்துகளை எடுப்பவர் (நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் இதில் சேரும்) இந்த வகை மாத்திரைகளைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவு விழலாம். மாத்திரை எடுத்த பிறகு நெஞ்சுவலி வந்தால், மருத்துவமனையில் நுழைந்ததும் அதை எடுத்ததாகச் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அங்கே நைட்ரேட் கொடுத்துவிடக் கூடும். புராஸ்டேட் வீக்கத்துக்கு ஆல்ஃபா தடுப்பு மருந்து எடுப்பவர் அதையும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, திடீரென்று பார்வை அல்லது கேட்கும் திறன் குறைந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இணையத்தில் 'முழுக்க மூலிகை' என்று விற்கப்படும் பல பொருள்களில் சில்டெனாபில் அளவு தெரியாமல் கலக்கப்பட்டிருப்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இதய நோயாளிக்கு அது விஷம்.

படி 4: தொடுதல் பயிற்சி – இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் என்ற ஆய்வாளர் இணை 1970இல் முன்வைத்த முறை இது. உறவின் நடுவே ஆண் தன்னைத்தானே பார்வையாளராக நின்று கண்காணிக்கிறான், அந்தக் கண்காணிப்பே உணர்ச்சியைக் கொல்கிறது என்பது அவர்கள் கண்டது. அதற்கு மருந்து, கவனத்தை "வருகிறதா, இருக்கிறதா" என்பதிலிருந்து தோலுக்குத் திருப்புவது.

முதல் விதி: பயிற்சிக் காலத்தில் உடலுறவு கிடையாது. இருவரும் வாய்விட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசை வந்தாலும் இந்தத் தடையை மீறக் கூடாது. தோற்பதற்கே வழியில்லாத ஒரு சூழலை இது உருவாக்குகிறது. இதைத் தளர்த்தினால் பயிற்சி முழுவதும் வீண்.

வாரம் இரண்டு மூன்று நாள், நாற்பது நிமிடம்போல ஒதுக்குங்கள். முதல் கட்டத்தில் மார்பும் பிறப்புறுப்பும் தவிர மற்ற எல்லா இடத்தையும் ஒருவர் தொட, மற்றவர் பெற்றுக்கொள்கிறார். பாதி நேரத்தில் மாற்றிக்கொள்கிறார்கள். தொடுபவர் கவனிக்க வேண்டியவை மூன்றே: சூடா குளிரா, மென்மையா சொரசொரப்பா, அழுத்தமா லேசா. கவனம் "விறைப்பு வந்ததா?" என்று ஓடும்போது தன்னைத் திட்டிக்கொள்ளாமல் விரல் நுனிக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். ஒரு தடவையில் இருபது முறை ஓடும், இருபது முறையும் திருப்ப வேண்டும். அப்படித் திருப்புவதுதான் பயிற்சி.

இரண்டாம் கட்டத்தில் பிறப்புறுப்பும் சேர்கிறது. உச்சம் இன்னும் இலக்கு அல்ல. இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டிய ஒன்றை மிக முக்கியமாகக் கருதுகிறேன். விறைப்பு வந்ததும் தொடுவதை நிறுத்துங்கள். கையை எடுத்துவிட்டுப் பேசிக்கொண்டு படுத்திருங்கள். விறைப்பு முழுவதும் அடங்கட்டும். பிறகு மீண்டும் மெல்லத் தொடங்குங்கள். திரும்ப வரும். இதை ஒரே அமர்வில் இரண்டு மூன்று முறை செய்யுங்கள். விறைப்புப் பிரச்சினை உள்ளவரின் ஆழமான நம்பிக்கை "போனால் போனதுதான்" என்பது. போனது திரும்பி வருவதைக் கண்ணால் கண்ட பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. எத்தனை ஆறுதல் சொன்னாலும் இதற்கு ஈடாகாது.

மூன்றாம் கட்டத்தில் இருவரும் ஒரே நேரத்தில் தொடுகிறார்கள். நான்காம் கட்டத்தில் உறுப்பை உள்ளே வைத்து, அசையாமல் இருக்கிறார்கள். ஐந்தாவதில் மெல்லிய அசைவு. ஒரு கட்டத்தில் பதற்றம் இல்லாமல் இரண்டு மூன்று அமர்வுகள் கழிந்தால் அடுத்ததற்குப் போகலாம். பதற்றம் கூடினால் ஒரு கட்டம் பின்வாங்குங்கள். அது தோல்வி அல்ல, திட்டத்தின் பகுதி.

படி 5: இரண்டையும் எப்போது சேர்ப்பது?

மனப்பங்கு அதிகமுள்ள இளைஞருக்கு முதல் கட்டத்தில் மாத்திரை தேவையில்லை. விறைப்பு எதிர்பார்க்கப்படாத கட்டம் அது. இரண்டாம் கட்டத்தின் பிற்பகுதியிலிருந்து, குறிப்பாக நான்காம் கட்டத்துக்கு, மாத்திரை துணை நிற்கலாம். பலர் சரியாக அந்த உள்ளே வைக்கும் கணத்தில்தான் விறைப்பை இழக்கிறார்கள், அங்கே ஒரு பாதுகாப்பு இருப்பது நல்லது. சர்க்கரை நோய், புராஸ்டேட் அறுவை போன்ற உடல் காரணம் உள்ளவருக்கு மருந்தும் பயிற்சியும் ஒரே நாளில் தொடங்கலாம்.

ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அமர்வுக்குப் பிறகும் மூன்று வரி: மாத்திரை எடுத்தேனா, எப்போது, பதற்றம் பத்துக்கு எத்தனை, மனதில் ஓடிய வாக்கியம் என்ன. "அவள் சலித்துக்கொள்வாள்" என்று எழுதியிருந்தால், அவர் உண்மையில் சலித்துக்கொண்டாரா என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஆலோசகருக்கு இந்த நோட்டு மிகப் பெரிய உதவி. மாத்திரை கேட்கவில்லையா, பயம் விடவில்லையா என்பதை இதில்தான் பிரித்துப் பார்க்க முடியும்.

இடுப்புத்தளத் தசைப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாயு வெளியேறாமல் அடக்கும்போது இறுகும் தசைதான் அது. மூச்சை அடக்காமல், வயிற்றையும் தொடையையும் இறுக்காமல், அந்தத் தசையை மட்டும் சில விநாடி இறுக்கி, அதே அளவு நேரம் தளர்த்துங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. பிரிட்டனில் 55 ஆண்களிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், இந்தப் பயிற்சியோடு வாழ்க்கைமுறை மாற்றமும் செய்த ஆறு மாதத்தில் 40 சதவீதம் பேர் இயல்பான விறைப்பை மீண்டும் பெற்றார்கள். புகையை விடுவது, எடையைக் குறைப்பது, வேகமாக நடப்பது ஆகியவையும் சிகிச்சையின் பகுதிதான்.

படி 6: விந்து முந்துதலுக்கான கூட்டு

மருந்துகள் மூன்று வகை. உறவுக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் முன்பு எடுக்கும் டாபோக்ஸெடின். தினமும் எடுக்கும் பராக்ஸெடின், செர்ட்ராலின் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ. உறுப்பில் தடவும் லிடோகெயின்-பிரிலோகெயின் களிம்பு. டாபோக்ஸெடினை ஒரு தம்ளர் தண்ணீரோடு எடுக்க வேண்டும், மது கூடாது. தலைசுற்றி மயக்கம் வரலாம். தினசரி மாத்திரை முழுப்பலன் தர இரண்டு மூன்று வாரம் ஆகும், திடீரென்று நிறுத்தவும் கூடாது. களிம்பை உறவுக்கு முன் துடைத்துவிடாவிட்டால் துணைக்கும் மரத்துப்போகும்.

பயிற்சி, 1956இல் ஜேம்ஸ் செமன்ஸ் என்ற மருத்துவர் விவரித்த நிறுத்தித் தொடரும் முறை. கிளர்ச்சியை ஒன்றிலிருந்து பத்துவரை மனதில் அளந்துகொள்ளுங்கள். பத்து என்பது உச்சம். ஒன்பதுக்கு வந்துவிட்டால் திரும்ப வழியில்லை. தனியாக, உலர்ந்த கையால் தொடங்கி, ஏழு என்று தோன்றியதும் நிறுத்துங்கள். இடுப்புத்தளத் தசையை அப்போது இறுக்காமல் தளர விடுங்கள், மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்துக் கிளர்ச்சி நான்குக்கு இறங்கியதும் தொடருங்கள். மூன்று முறை நிறுத்தி, நான்காம் முறை விட்டுவிடலாம். இது எளிதானதும் வழவழப்பான ஜெல்லோடு, பிறகு துணையின் கையால், பிறகு உள்ளே அசையாமல், கடைசியாக அசைவோடு.

தொடக்கத்தில் பெரும்பாலோருக்கு மூன்றிலிருந்து நேராகப் பத்துக்குத் தாவுவதுபோலத் தோன்றும். இடையிலுள்ள எண்களை உடல் உணர்வதற்கு நேரம் கிடைக்காததுதான் காரணம். மருந்து அந்த நேரத்தை நீட்டிக் கொடுக்கிறது. பயிற்சி அதற்குள் ஐந்தையும் ஆறையும் அடையாளம் காணக் கற்றுத் தருகிறது. மருந்தை மட்டும் எடுத்தவர் நிறுத்தியதும் பழைய இடத்துக்கே திரும்புவது இதனால்தான்.

விந்து தாமதமாகும் பிரச்சினைக்கு இப்படி நிலைபெற்ற மருந்து இல்லை. காரணமான மருந்தை மாற்றுவதும், கடினமான பிடியில் பழகிய சுய இன்ப முறையை மென்மையாக மாற்றிக்கொள்வதும்தான் வழி.

படி 7: துணையிடம் பேசுவது

படுக்கையறையில் பேசாதீர்கள், தோற்ற அன்றே பேசாதீர்கள். வேறொரு நாள், இருவருக்கும் வேலை இல்லாத நேரத்தில் பேசுங்கள். "உன்மேல் ஆசை இல்லாமல் இல்லை. உடம்பு ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. டாக்டரைப் பார்த்தேன். நீயும் கூட வந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்" என்று தொடங்கலாம்.

"மாத்திரை போட்டால்தான் என்மேல் ஆசை வருமா?" என்ற கேள்வி வரும், வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மனதில் இருக்கும். முதலில் சொன்ன சங்கிலியை அவருக்கும் விளக்குங்கள். மாத்திரை ஆசையை உண்டாக்குவதில்லை. ஆசை இல்லாத இடத்தில் அது வேலையே செய்யாது. துணைக்கு மாதவிடாய் நின்ற பிறகான வறட்சியோ வலியோ இருந்தால் அதற்கும் அதே நேரத்தில் சிகிச்சை வேண்டும். அவருக்கு வலிக்கும் உறவை உங்கள் மாத்திரையால் சரிசெய்ய முடியாது.

துணை இல்லாதவர்கள் மருந்துச் சோதனை, விறைப்பை அடங்க விட்டு மீண்டும் வரவைக்கும் பயிற்சி, நிறுத்தித் தொடரும் முறையின் முதல் பாதி, தசைப் பயிற்சி ஆகிய எல்லாவற்றையும் தனியாகவே செய்யலாம்.

படி 8: மருந்தைக் குறைப்பது, கேட்காவிட்டால் அடுத்தது

இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து நன்றாக இருந்த பிறகு மருத்துவரோடு பேசிக் குறைக்கத் தொடங்கலாம். முதலில் அளவைப் பாதியாக்குவது, பிறகு ஒருமுறை மருந்தோடும் ஒருமுறை இல்லாமலும். மாத்திரையை அலமாரியிலேயே வைத்திருங்கள். தேவைப்பட்டால் இருக்கிறது என்ற நினைப்பே சிலருக்குப் போதுமாக இருக்கும். எஸ்எஸ்ஆர்ஐயைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். நரம்போ ரத்தக் குழாயோ பாதிக்கப்பட்டவர் மருந்தை விட்டே ஆக வேண்டும் என்று இலக்கு வைக்க வேண்டியதில்லை. கண்ணாடி போடுபவர் கண்ணாடியைக் கழற்றத் துடிப்பதில்லையே.

சறுக்கல் வரும். வேலைப் பளுவில், நோயில், சண்டைக்குப் பிறகு. ஒருமுறை சறுக்கியதும் அளவைக் கூட்டாதீர்கள். ஒரு வாரம் உடலுறவை நிறுத்தி முதல் கட்டத் தொடுதலுக்குத் திரும்புங்கள். மூன்று வாரம் கழித்தும் சரியாகவில்லை என்றால் நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

மாத்திரைகள் எதுவும் கேட்காதவருக்கு வெற்றிடக் குழாய்க் கருவி, உறுப்பில் போடும் அல்ப்ரோஸ்டாடில் ஊசி, அறுவை மூலம் உறுப்புக்குள் பொருத்தும் உள்வைப்பு (செயற்கை விறைப்புக் கருவி) ஆகியவை இருக்கின்றன. குழாய்க் கருவியோடு, விறைப்பு நிலைக்க உறுப்பின் அடியில் போடும் வளையம் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஊசியை முதல் முறை மருத்துவர் முன்னிலையில்தான் போட்டு அளவை முடிவு செய்ய வேண்டும். உள்வைப்புக்கு ஒப்புக்கொள்ளும் முன் இருவரும் சேர்ந்து ஆலோசகரைப் பாருங்கள். அறுவைக்குப் பிறகு பழைய இயல்பான விறைப்புக்குத் திரும்ப முடியாது என்பதை அந்தச் சந்திப்பிலேயே தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.